மாடிக்காரியின் பைப்

மத்தி பெருக்கெடுத்த வருஷம் அது. வலையை அலசப் போட்டால்கூட மத்தி ஏறியது. விடிவதற்குள் படகுகள் துறையில் வரிசை கட்டி நின்றன. ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு ஏறின. ஐஸ் லாரி ஒன்று போனால் இன்னொன்று வந்தது. வாரம் ஒரு நாள் சந்தைக்கு விடுமுறை என்கிற பேச்சையே அந்தப் பருவத்தில் யாரும் எடுக்கவில்லை. மீன் வரும்போது கடையை மூடுகிற பைத்தியக்காரன் உண்டா?

எல்லோருக்கும் சந்தோஷம். மாடிக்காரி ஒருத்திக்கு மட்டும் கவலை.

ஏலக்கூடத்துக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. ஜன்னல் கூடத்தைப் பார்த்திருக்கும். அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எப்போதும் குளிரூதும் ஏசி, ஒரு மூலையில் இரும்பு அலமாரிக்குள் முனகிக்கொண்டிருக்கும் சர்வர். அங்கே உட்கார்ந்திருப்பதால் அவளுக்குச் சந்தையில் மாடிக்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது. கீழே அவள் புருஷன் தராசில் பெட்டியை வைத்து எடை போட்டதும், மீனின் படமும் எடையும் கூடத்தின் பெரிய திரையிலும், வெளியூர் வியாபாரிகளின் போனிலும் வரும். அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே விலை கேட்பார்கள். அத்தனையும் அந்த அலமாரிக்குள் ஓடும் ஒரே ஒரு புரோகிராமின் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

இந்த வேலையை அவள் மாமியார் உறவுக்காரர்களுக்கு விளக்கிய அழகைச் சொல்ல வேண்டும். மாமியார் சந்தையின் பின்பக்க மேடையில் மீன் ஆய்ந்து கொடுப்பவர். கத்தி போலவே வாயும் வெட்டும். கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில் யாரோ, "மருமக என்ன பண்றா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"சர்வர் வேலை பார்க்கிறா."

"எந்த ஹோட்டல்ல?"

"ஹோட்டல்ல இல்ல. மீன் மார்க்கெட் மாடியில."

"மாடியில யாருக்குங்க பரிமாறுறா?"

மாமியார் சற்று யோசித்துவிட்டு, "கேக்கிற எல்லாருக்கும்தான்" என்றாராம். மாடிக்காரிக்கு இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தன்னுடைய வேலையை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை என்று புருஷனிடம் சொன்னாள்.

அவளுடைய கவலைக்கு வருவோம். அந்தப் புரோகிராம் எதைச் செய்தாலும் ஒரு வரி எழுதி வைக்கும். இன்னார் உள்ளே வந்தார், இன்ன பெட்டியைப் பார்த்தார், இவ்வளவு கேட்டார், மேலே கேட்டவர் இவர். அதைத்தான் லாக் என்பார்கள். நாளைக்கு ஒருவர் 'நான் அந்த விலை கேட்கவே இல்லை' என்று மல்லுக்கு நின்றால் அந்த வரிதான் சாட்சி. புரோகிராம் தொடங்கும்போது ஒரு ஃபைலைத் திறந்து பிடித்துக்கொள்ளும். பிறகு நிறுத்தும்வரை அதே ஃபைலில்தான் எழுதிக்கொண்டே போகும். விடுமுறை நாளில் மாடிக்காரி புரோகிராமை நிறுத்துவாள். பெருத்த ஃபைலைத் தேதி போட்டு ஒதுக்கிச் சுருக்கி வைப்பாள். மறுபடி ஓட்டினால் புது ஃபைல், காலி வயிறு.

விடுமுறையே இல்லையென்றால்? ஃபைல் ஊதிக்கொண்டே போனது. மத்தி ஏற ஏற லாக்கும் ஏறியது. சர்வரின் டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் எழுத வழியில்லாமல் புரோகிராமே நின்றுவிடும்.

இதற்கு மாற்று ஒன்றும் அவளிடம் இருந்தது. புரோகிராம் நேராக ஃபைலில் எழுத வேண்டாம். வரிகளை ஒரு பைப்பில் விட்டால் போதும். பைப்பின் மறுமுனையில் ஒரு குட்டிப் புரோகிராம் நின்று, வருகிற வரிகளைப் பிடித்து ஃபைலில் ஊற்றும். நாள் மாறினாலோ, ஃபைல் அளவு மீறினாலோ அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்துகொள்ளும். பழையதைச் சுருக்கும், ரொம்பப் பழையதைத் தூக்கிப் போடும். பெரிய புரோகிராமுக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதை நிறுத்தவே வேண்டாம். பைப்பை மாட்டுவதற்கு மட்டும் ஒரே ஒரு தடவை நிறுத்த வேண்டும்.

அந்த ஒரு தடவைக்குத்தான் சந்தை மேனேஜர் இடம் கொடுக்கவில்லை.

மேனேஜர் ஒல்லியான மனுஷர். எதிலும் நல்லதைவிடக் கெட்டதுதான் முதலில் அவர் கண்ணில் படும். "ஓடுற வண்டியில எதுக்கும்மா கை வைக்கணும்?" என்பார். "சரி, அந்தக் கடைசியில நிக்கிற உன் குட்டி ஆளு விழுந்துட்டான்னு வச்சுக்க?"

"உடனே இன்னொருத்தனை நிறுத்திடும், சார். அதுக்கும் எழுதி வச்சிருக்கேன்."

"அவனும் விழுந்துட்டா?"

"சார், வீட்ல என் லேப்டாப்ல எத்தனையோ தடவை தள்ளிவிட்டுப் பார்த்துட்டேன். எழுந்து எழுந்து நிக்கிறான்."

"சீசன் முடியட்டும்மா. முடிஞ்சதும் நீ பைப் போடு, டேங்க் கட்டு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

இப்படி இருக்கையில்தான் நாத்தனாரின் படகு முதன்முறையாகக் கடலுக்குப் போனது.

புருஷனுடைய அக்கா அவள். பல வருஷம் அடுத்தவர் படகுகளில் வலை இழுத்தவள். ஆண்களோடு சரிக்குச் சரி நின்று இழுத்ததில் தோள் அகன்று, குரல் கரகரத்து, சிரித்தால் துறையின் அந்தக் கோடிவரை கேட்கும். 'கேப்டன்' என்று கிண்டலுக்குக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் ஒரு பழைய படகை வாங்கி, தானே பலகை மாற்றி, தாரும் வண்ணமும் பூசி, நிஜமாகவே கேப்டன் ஆகிவிட்டாள். தம்பி பெண்டாட்டியிடம் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை. கை நனையாத வேலை ஒரு வேலையா என்கிற சந்தேகம் மட்டும் தீரவே இல்லை.

"நாள் பூரா அங்க உக்காந்து என்னத்தைப் பார்க்கிற, மாடி?" என்பாள் சாப்பிடும்போது.

"எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கிறேன், அண்ணி."

"ஒழுங்கா ஓடினா எதுக்குப் பார்க்கணும்?"

மாடிக்காரி இன்னொரு கரண்டி குழம்பை அவள் தட்டில் ஊற்றுவாள். புருஷன் எடைக்காரன் தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். அவன் பேசுகிற ஆளில்லை. தராசு காட்டுகிற எண்ணைச் சத்தமாகச் சொல்வதே அவனுக்குப் பெரிய பேச்சு.

படகு திரும்பிய காலையில் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. மாடிக்காரியும் எடைக்காரனும் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தபோதே போன் வந்தது. மாமியார்.

"எங்கடி இருக்கீங்க? உங்க அண்ணி வந்துட்டா! எல்லாரும் மத்தி மத்தின்னு சாகுறானுங்க, இவ சூரை மீனு கொண்டாந்திருக்கா! ஒவ்வொண்ணும் கைக்குழந்தை சைஸு. கூட்டம் கூடிப்போச்சு, சீக்கிரம் வாங்க!"

ஸ்கூட்டரின் பின்னால் மாடிக்காரி கை தட்டினாள். எடைக்காரன் வாய்விட்டுச் சிரித்து அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அடுத்த திருப்பத்திலேயே மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை மேனேஜர்.

"அம்மா... திரை அப்படியே நிக்குது."

"எப்பலருந்து, சார்?"

"கொஞ்ச நேரமா. யார் விலை கேட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு. நீ வாம்மா. நேர்ல சொல்றேன். நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் குலுக்கியது.

இரும்புப் படியை அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மேனேஜர் அவளுடைய நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏசி குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு வந்துச்சும்மா. நீ பயந்த மாதிரியே. லாக்தானே இடத்தை அடைக்குதுன்னு... அழிச்சுட்டேன்."

"ஃபைலையா?"

"அழிச்சும் இடம் வரலம்மா! அதுதான் எனக்குப் புரியல. ஃபைலைக் காணோம், இடத்தையும் காணோம்."

மாடிக்காரி உட்கார்ந்தாள். இரண்டு மூன்று கட்டளை தட்டினாள். திரையைப் பார்த்து மெல்ல மூச்சு விட்டாள்.

"சார், நீங்க பேரைத்தான் அழிச்சிருக்கீங்க. ஃபைல் இன்னும் இருக்கு."

"எங்க?"

"கீழ பெட்டி தூக்குறவர் தலையில ஒரு பெட்டி இருக்குன்னு வைங்க. நீங்க அந்தப் பெட்டியில ஒட்டியிருந்த சீட்டைக் கிழிச்சிட்டீங்க. சீட்டு போச்சு. பெட்டி அவர் தலையிலேயேதான் இருக்கு. புரோகிராம் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, விடல. அதான் இடம் வரல."

மேனேஜர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "அப்ப விடச் சொல்லு."

"விடச் சொன்னா பெட்டி அப்படியே மாயமாப் போயிடும், சார். சீசன் ஏலம் பூராவும் அதுலதான் இருக்கு. முதல்ல அவர் கையில இருக்கும்போதே உள்ள இருக்கிறதை வேற இடத்துக்கு அள்ளணும். கணக்கு ரூம் கம்ப்யூட்டர்ல இடம் இருக்கு, அங்க அனுப்பறேன். அது முடிஞ்சதும் நிறுத்திட்டு மறுபடி ஓட்டறேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டிடும்."

மேனேஜர் ஜன்னலுக்குப் போனார். கீழே மத்திப் பெட்டிகளும், நின்றுபோன திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும் வியாபாரிகளும். கூடத்தின் வாசலில், வெயில் விழத் தொடங்கியிருந்த இடத்தில், நீல முதுகும் வெள்ளை வயிறுமாகச் சூரைகள். அவற்றுக்குக் காவல் மாதிரி கையை இடுப்பில் ஊன்றியபடி நாத்தனார்.

"மத்தி ஆளுங்க எல்லாம் கீழயே நிக்கிறாங்க" என்றார் மேனேஜர் தனக்குத் தானே. "வாய் ஏலம் போட்டா வாங்கிப்பாங்க. யார் போடுறது?" பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

மாடிக்காரி அந்தப் பெயரற்ற ஃபைலை அள்ளத் தொடங்கினாள். திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. சற்று நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. கணீரென்ற, அடித்தொண்டைக் குரல். யார் என்று எட்டிப் பார்த்தாள். மேனேஜர்! கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் ஏறி நின்று, ஒரு கை மத்தியை எடுத்து வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருய்யா பாரு! நேத்து ராத்திரி வரைக்கும் நீந்திக்கிட்டிருந்த மீனு! கண்ணைப் பாரு, உன்னையே முறைக்குது! சொல்லு, யார் சொல்றது? என்னய்யா இது, வாயைத் திறந்தா காத்துதான் வருது? மேல சொல்லு!"

கூடமே வாயைப் பிளந்தது, பிறகு சிரித்தது, பிறகு விலை கேட்க ஆரம்பித்தது. அவருடைய தொண்டைக்குள் இப்படியொரு ஆள் குடியிருந்ததை அதுவரை யாரும் அறிந்ததில்லை. அவரே அறிந்திருந்தாரா என்பது சந்தேகம்.

மத்திக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் சூரைக்கு? அந்த மீனை வாங்குகிறவர்கள் அந்தக் கூடத்தில் இல்லை. நகரத்து ஓட்டல்காரர்கள், தூரத்து மொத்த வியாபாரிகள். போனைத் திறந்து வைத்துக்கொண்டு, திரை எப்போது அசையும் என்று காத்திருப்பவர்கள். இங்கே வாயால் ஏலம் விட்டால் மத்தி விலைக்குத்தான் கேட்பார்கள்.

படியில் பூட்ஸ் சத்தம். நாத்தனார் முதன்முதலாக அந்த அறைக்குள் வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுதானா? இதுக்கா இவ்வளவு குளுரு? என் மீனைக் கொண்டாந்து இங்க வைக்கலாம் போலிருக்கே."

"அண்ணி, சூரையை இப்ப விட்டுடாதீங்க. நான் ஓட்டிடறேன்."

"எப்ப?"

மாடிக்காரி பொய் சொல்லவில்லை. "அள்ளி முடியணும். அப்புறம் நிறுத்தி ஓட்டணும், அதுக்கே நேரமாகும். எல்லா வியாபாரி விவரத்தையும் திரும்ப ஏத்திக்கும். வெயில் வாசல் தாண்டி உள்ள வந்துடும்."

நாத்தனார் ஜன்னல் வழியாக வாசலில் கிடந்த சூரைகளைப் பார்த்தாள். அவளோடு படகில் போன நால்வரும் அந்த மீனில் பங்குக்காரர்கள். முதல் மீனே வீணாய்ப் போனால் அடுத்த முறை யார் கூட வருவார்கள்? அது மாடிக்காரிக்குத் தெரியும்.

"இன்னொண்ணு, அண்ணி." மாடிக்காரி திரையிலிருந்து திரும்பினாள். "எப்படியும் நிறுத்தப் போறேன். இந்த நேரத்துல அந்தப் பைப்பை மாட்டிட்டா இனிமே இந்தத் தொல்லை கிடையாது. ஒரே ஒரு வரிதான் மாத்தணும். ஆனா ஏதாவது தப்பாப் போச்சுன்னா, பழையபடி மாத்தி இன்னொரு தடவை முழுசா ஓட்டணும். உங்க மீன் தாங்காது. அதனால உங்களைக் கேக்கறேன்."

"சோதிச்சுப் பார்த்தியா?"

"வீட்ல பார்த்தேன். இங்க பார்க்கல."

நாத்தனார் சிரித்தாள். அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. "நானும் என் படகைக் கரையிலதான் பார்த்தேன். தண்ணியில விட்டப்புறம்தான் மிதக்குதான்னு தெரிஞ்சது. மாட்டு!"

"மேனேஜர்?"

"கேளேன்."

மாடிக்காரி ஜன்னலைத் திறந்தாள். "சார்! பைப்பைப் போட்டுடலாமா?"

கீழே ஏலம் உச்சத்தில் இருந்தது. ஒரு ஆள் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றான். மேனேஜர் கையை வீசி, "போடு, போடு! கேட்டுக்கிட்டே நிக்காத!" என்று முழங்கினார். அது மாடிக்கா, பெட்டிக்கா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாடிக்காரி ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

நாத்தனார் கீழே இறங்கிக் கத்தினாள். "தம்பி! ஐஸ்!"

எடைக்காரன் தராசை விட்டுவிட்டு ஓடினான். லாரியில் மிச்சமிருந்த ஐஸைத் தானே ஏறி மண்வெட்டியால் வாரித் தள்ளினான். மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரச் சாக்குகளை இழுத்துக்கொண்டு வந்தார். படகு ஆட்கள் தார்ப்பாயைப் பிரித்து வாசலில் கட்டினார்கள். சூரைகள் ஐஸுக்குள் புதைந்தன.

"வயித்துக்கு அடியில அள்ளிப் போடுடா, மேல தூவாத! என்ன, மாவா தூவுற?" என்று மாமியார் மகனை விரட்டினார். ஐஸ் தூள் அவன் தலைமுடியிலெல்லாம் மின்னியது. ஒரு கைப்பிடி ஐஸை எடுத்துத் தன் அக்கா கழுத்துக்குள் போட்டான். அவள் போட்ட கூச்சலில் மேனேஜரே ஏலத்தை ஒரு நொடி நிறுத்திவிட்டார்.

மேலே, அள்ளி முடிந்தது. மாடிக்காரி கணக்கு அறைக் கம்ப்யூட்டரில் ஃபைலின் கடைசி வரிகளைத் திறந்து பார்த்தாள். சரியாக இருந்தது. நிறுத்தினாள். அலமாரியின் முனகல் ஒரு சுருதி இறங்கியது. டிஸ்க்கில் இடம், மதகு திறந்த மாதிரி, திரும்பி வந்தது. ஃபைல் பெயர் இருந்த வரியை அழித்து, அங்கே பைப்பை மாட்டினாள். ஒரு கணம் யோசித்து, குட்டிப் புரோகிராமுக்கு அளவைக் குறைத்து வைத்தாள். நாள் மாறும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஃபைல் மாறுவதை இன்றைக்கே, தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

ஓட்டினாள்.

வியாபாரிகள் ஒவ்வொருவராய் ஏறினார்கள். கீழே பெரிய திரை கண் சிமிட்டி எழுந்தது. கூடத்தில் ஒரு ஆரவாரம். மாடிக்காரி புது லாக் ஃபைலைத் திறந்தாள்.

காலி. ஒரு எழுத்துகூட இல்லை.

பைப் உடைந்துவிட்டதா? குட்டி ஆளைப் பார்த்தாள். விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தான். பெரிய புரோகிராமும் நன்றாக ஓடியது. அப்படியானால் வரிகள் எங்கே? நிறுத்தி, பழையபடி மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து... ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயில் தார்ப்பாயின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

விரல் நிறுத்துகிற கட்டளைமேல் இருந்தது. அழுத்தவில்லை. வீட்டில் சோதித்தபோது எப்படி இருந்தது என்று யோசித்தாள். அங்கே அவள் அருவி மாதிரி வரிகளைக் கொட்டித்தான் சோதித்திருந்தாள். இங்கே இப்போதுதான் பத்துப் பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். பைப்பில் சொட்டுச் சொட்டாய் வருவதைக் குட்டி ஆள் உடனுக்குடன் ஊற்ற மாட்டான். வாளி நிறைந்த பிறகுதான் ஊற்றுவான். அவ்வளவுதான் விஷயம். அப்படித்தான் இருக்க வேண்டும். இருக்குமா?

புருஷனுக்குப் போன் போட்டாள். "சூரையைத் தராசுல ஏத்துங்க."

"ஓடுதா?"

"ஏத்துங்க. சீக்கிரம்."

எடைக்காரன் முதல் சூரையைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கைகளாலும் தூக்கித் தராசில் கிடத்தினான். படம் திரையில் வந்தது. நீல முதுகில் ஐஸ் துணுக்குகள். அதுவரை தூரத்தில் எங்கெங்கோ காத்திருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. விலை ஏறியது. ஒருவர் கேட்க, இன்னொருவர் மேலே கேட்க, முதலாமவர் விடாமல் திரும்ப வர—

காலியாக இருந்த ஃபைலில் வரிகள் கொட்டின. ஒன்றிரண்டல்ல, ஒரு வாளி வரிகள் ஒரே வீச்சில். பிறகு அடுத்த வாளி. மாடிக்காரி நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தாவிட்டால் கத்தியிருப்பாள்.

கீழே கூடம் மூச்சைப் பிடித்துத் திரையைப் பார்த்தது. மேனேஜர் பெட்டியிலிருந்து இறங்கவே இல்லை. திரையில் ஏறுகிற விலையை அவரும் சேர்ந்து முழங்கிக்கொண்டிருந்தார். மேலே ஃபைல் பெருத்துக்கொண்டே போய், அவள் குறித்த அளவைத் தொட்டது. ஏலத்தின் நட்டநடுவில், இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் மோதிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், குட்டி ஆள் ஃபைலை மூடினான். அடுத்ததைத் திறந்தான். வரிகள் அதில் விழத் தொடங்கின. பழையது ஓரமாய்ப் போய்ச் சுருங்கி உட்கார்ந்தது.

மாடிக்காரி பாய்ந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே திரை ஒரு இமைகூடத் தட்டவில்லை. விலை ஏறிக்கொண்டே இருந்தது. மாமியார் தோளில் சாக்கோடு நின்றார். யாருடைய முகத்திலும் எந்த மாற்றமும் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் அத்தனை பெரிய காரியத்தை அவள் செய்ததில்லை, அதை அத்தனை பேர் பார்க்காமல் இருந்ததும் இல்லை. தனியாக நின்று சிரித்தாள்.

கடைசிச் சூரை போனபோது கூடம் கை தட்டியது. அந்தப் பருவத்தில் அந்தத் துறையில் யாரும் கேட்டிராத விலை. படகு ஆட்கள் நாத்தனாரைத் தூக்கப் பார்த்தார்கள். அவள் கனம் தாங்காமல் எல்லோரும் ஐஸ்மேலேயே விழுந்தார்கள்.

மேனேஜர் மேலே வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. சைகையில் 'என்ன?' என்று கேட்டார்.

"பைப் போட்டுட்டேன், சார்."

அவர் கண் விரிந்தது. "நான் எப்ப..." என்று காற்றாக ஒரு குரல் வந்தது.

"நீங்கதான் சார் சொன்னீங்க. 'போடு, போடு, கேட்டுக்கிட்டே நிக்காத'ன்னு."

மேனேஜர் யோசித்தார். பிறகு ரொம்ப கௌரவமாகத் தலையாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைத் தடவிக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணேன்" என்றார் கிசுகிசுப்பாக.

சந்தை கழுவிவிடப்பட்டது. குழாய்த் தண்ணீர் தரையெல்லாம் ஓடி, செதில்களை அடித்துக்கொண்டு போனது. ரொட்டியும் சூடான மீன் சூப்பும் எடுத்துக்கொண்டு எடைக்காரன் மாடிக்கு வந்தான். அவனுக்கு முன்னாலேயே நாத்தனார் வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டிருந்தாள்.

"கீழ நான் பார்த்தது எல்லாம் விலைதான்" என்றாள். "யார் கேட்டா, யார் விட்டான்னு தெரியல. ஒரே சத்தம். நீ மேலருந்து பார்த்தியே, உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் எழுதியிருக்கு, அண்ணி. ஒண்ணுவிடாம."

"என் மீனைப் பத்தியா?"

"உங்க மீனைப் பத்தித்தான். பாதி அந்த ஃபைல்ல, பாதி இந்த ஃபைல்ல."

"நடுவுல ஒண்ணும் விழுந்துடலயே?"

"ஒரு வரிகூட விழல."

"அப்ப வாசி."

"அண்ணி, இது வெறும் எண்ணும் நேரமுமா இருக்கும். வாசிக்கிற மாதிரி இருக்காது."

"நீ வாசி. நான் பார்த்துக்கறேன்."

மாடிக்காரி சுருக்கிய ஃபைலை விரித்தாள். முதல் சூரையைத் தேடிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் கூச்சமாக இருந்தது. இன்ன நேரம், இன்ன வியாபாரி உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார். போய்விட்டார். திரும்ப வந்து பார்த்தார்.

"ஆசை விடல பாரு அவனுக்கு" என்றாள் நாத்தனார்.

விலை கேட்டார். இன்னொருவர் மேலே கேட்டார். முதலாமவர் மறுபடியும். மூன்றாவதாக ஒருவர் நுழைந்தார்.

"இவன் யாருடா புதுசா?"

"ரொம்பத் தூரத்து ஆளு, அண்ணி. இதுவரைக்கும் நம்ம சந்தையில மீன் வாங்கினதே இல்ல."

"என் மீனுக்காக வந்திருக்கான்!" நாத்தனார் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். சூப்பு சிந்தியது. எடைக்காரன் அதைத் துடைக்காமல், "அப்புறம்?" என்றான்.

முதல் ஃபைல் முடிந்து இரண்டாவதுக்குப் போனபோது மாடிக்காரி ஒரு நொடி நிறுத்தினாள். "இந்த இடத்துலதான் மாறிச்சு."

"எந்த இடத்துல?"

"இதோ. அவர் கேட்டது அந்தப் பக்கம். அதுக்கு இவர் மேல கேட்டது இந்தப் பக்கம்."

நாத்தனார் இரண்டு வரிகளையும் உற்றுப் பார்த்தாள். திரையில் மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவே விரலை வைத்துத் தடவினாள், படகின் பலகை மூட்டைத் தடவிப் பார்ப்பது போல.

"சுத்தமா இருக்கு" என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் ஒரு சொல்லை எதிர்பார்க்க முடியாது. மாடிக்காரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மேலே வாசித்தாள். விட்டவர் விட்டார், விடாதவர் விடவில்லை. நாத்தனார் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மேஜையைத் தட்டினாள். மேனேஜர் குரல் இல்லாமலேயே வாயசைத்து விலைகளைக் கூடவே சொன்னார்.

கடைசிச் சூரையின் கடைசி வரியை அவள் வாசிக்கப்போகிற நேரத்தில், இரும்புப் படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. மாமியார் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து, வாசலில் கிடந்த பூட்ஸைத் தாண்டி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் இங்க கூடிக்கிட்டீங்க? என்ன வாசிக்கிற?"

நாத்தனார் எழுந்து தன் இடத்தை அம்மாவுக்குக் கொடுத்தாள். பிறகு மாடிக்காரியின் நாற்காலியைத் திரைப் பக்கமாய்த் தள்ளிவிட்டாள்.

"அம்மா இன்னும் இதைக் கேக்கல, மாடி. முதல்ல இருந்து வாசி."